பக்கத்தில் வந்தால் போதும்: வளர்ச்சிக் காரணிகள் கைனேஸ்களை எழுப்பும் விதம்

இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி வெறும் 53 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னஞ்சிறு புரதம். அது செல்லுக்கு வெளியே, சவ்வில் பதிந்திருக்கும் ஏற்பி என்ற புரதத்தின் வெளிப்பக்கத்தில் வந்து உட்காருகிறது. உட்கார்ந்த ஒரு நிமிடத்துக்குள் சவ்வின் உள்பக்கத்தில் பாஸ்பேட்டுகள் ஏறத் தொடங்கிவிடுகின்றன. ஐந்து நிமிடத்தில் எர்க் என்ற கைனேஸ், அதாவது பிற புரதங்களில் பாஸ்பேட் ஏற்றும் நொதி, முழு வீச்சில் இயங்குகிறது. அரை மணி நேரத்தில், அதுவரை அடங்கிக் கிடந்த மரபணுக்கள் உட்கருவில் படியெடுக்கப்படுகின்றன. பிரியாமல் சும்மா இருந்த செல், பிரிவதற்கான ஏற்பாட்டில் இறங்கிவிடுகிறது. வெளியே நடந்த ஓர் ஒட்டுதல் உள்ளே இவ்வளவையும் எப்படிச் செய்கிறது?

செல் உயிரியல் படிக்கிற எல்லோருக்கும் இது ஒரு படமாகத்தான் அறிமுகமாகிறது. மேலே ஏற்பி, அதிலிருந்து ஓர் அம்புக்குறி, ராஸ், இன்னோர் அம்புக்குறி, ராஃப், மெக், எர்க், கடைசியில் உட்கரு. அந்தப் படத்தின் மேல் எனக்குத் தீராத மனக்குறை உண்டு. இந்தப் புரதங்களின் பெயர்களை மனப்பாடம் செய்துவிடலாம். அம்புக்குறிக்குள் என்ன நடக்கிறது என்பது அதில் கிடைக்காது. ஒரு புரதம் இன்னொன்றைத் ‘தூண்டுகிறது’ என்றால் எதைப் பிடித்து, எதை நகர்த்தி? இந்தப் புரதங்களோடு நெடுநாள் பழகிய பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: அநேகமாக ஒவ்வோர் அம்புக்குறிக்கும் அடியில் இருப்பது ஒரே சங்கதி. விலகி இருந்த இரண்டு புரதங்கள் பக்கத்தில் கொண்டுவரப்படுகின்றன. வந்ததும், ஏற்கெனவே செய்யத் தெரிந்த வேலையைச் செய்கின்றன. எவ்வளவு நேரம் அப்படிப் பக்கத்தில் இருக்கின்றன என்பது மீதிக் கதை.

வளர்ச்சிக் காரணிகளின் கதை 1950-களில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சூடுபிடித்தது. ரீட்டா லெவி-மொந்தால்சினியும் ஸ்டான்லி கோஹனும் நரம்பு வளர்ச்சிக் காரணியைப் பிரித்தெடுக்க முயன்றுகொண்டிருந்தார்கள். சாற்றில் இருந்த நியூக்ளிக் அமிலங்களை உடைப்பதற்காகப் பாம்பு விஷத்தைச் சேர்த்தபோது, அந்த விஷமே நரம்புகளை அபாரமாக வளர்த்தது. விஷச் சுரப்பிக்கு இணையான உறுப்பு பாலூட்டிகளில் உமிழ்நீர்ச் சுரப்பி அல்லவா? அதைத் தேடிப் போனார்கள். எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் அந்தக் காரணி ஏராளமாக இருந்தது. அந்தச் சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்தியபோது கோஹன் ஒரு விநோதத்தைக் கவனித்தார். வழக்கமாக 12 முதல் 14 நாளில் திறக்கும் கண்ணிமைகள் ஏழாம் நாளிலேயே திறந்துகொண்டன. பற்களும் சீக்கிரம் முளைத்தன. நரம்புக் காரணி செய்யக்கூடிய வேலையில்லை அது. சாற்றில் வேறேதோ இருக்கிறது என்று அதைத் துரத்தி, 1962-இல் பிரித்தெடுத்து வெளியிட்டார். அதுதான் இஜிஎஃப். 1986-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கண்ணிமை சீக்கிரம் திறந்ததை ஒரு பக்க விளைவு என்று ஒதுக்கிவிட்டுப் போயிருக்கலாம். ஒதுக்காத அந்தக் கவனத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

இன்னொரு கண்டுபிடிப்பையும் சொல்லியாக வேண்டும். வளர்ப்புத் தட்டில் செல்கள் பெருக வேண்டுமானால் சீரம் ஊற்ற வேண்டும் என்பது ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரிந்த பழக்கம். ஏன் சீரம், ஏன் பிளாஸ்மா போதாது என்ற கேள்விக்கு 1974-இல் விடை கிடைத்தது. ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் ஒரு காரணியைக் கொட்டுகின்றன. உறைந்த ரத்தத்திலிருந்து கிடைக்கும் சீரத்தில் அது இருக்கிறது. தட்டணு நீக்கிய பிளாஸ்மாவில் இல்லை. பிடிஜிஎஃப் என்று அதற்குப் பெயர். காயம் பட்ட இடத்தில்தான் ரத்தம் உறையும். அந்த இடத்தில்தான் செல்கள் பெருகிப் புண்ணை மூட வேண்டும். உடல் இதை இவ்வளவு நேர்த்தியாக முடிச்சுப் போட்டு வைத்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை.

சரி, கைனேஸுக்கு வருவோம். 1955-இல் சியாட்டிலில் எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் தசையில் கிளைகோஜனை உடைக்கும் நொதியை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அந்த நொதியின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஏற்றினால் அது விழித்துக்கொள்கிறது, எடுத்துவிட்டால் அடங்கிவிடுகிறது என்று கண்டார்கள். செல்லின் எரிபொருளான ஏடிபியிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றி இன்னொரு புரதத்தின் மேல் ஏற்றும் நொதிதான் புரதக் கைனேஸ். அதைக் கழற்றுவது பாஸ்படேஸ். ஒரு பாஸ்பேட் என்றால் இரண்டு எதிர்மின் சுமை. செரின், திரியோனின், டைரோசின் போன்ற மின்சுமையற்ற அமினோ அமிலத்தின் மேல் அது ஏறும்போது, சுற்றியிருக்கும் நேர்மின் அமினோ அமிலங்கள் அதை நோக்கி இழுபடும், மடிப்பு மாறும், புதிதாக ஒரு புரதம் வந்து ஒட்ட இடம் கிடைக்கும். மனித மரபணுத் தொகுதியில் இப்படிப்பட்ட கைனேஸ்கள் 518 என்று 2002-இல் கணக்கெடுத்தார்கள். அவற்றில் டைரோசினில் மட்டும் ஏற்றுபவை சுமார் 90. அவற்றிலும் 58 சவ்வில் குத்திட்டு நிற்கும் ஏற்பிகள். வளர்ச்சிக் காரணிகளில் பெரும்பாலானவை பேசுவது இந்த 58-உடன்தான்.

டைரோசினில் பாஸ்பேட் ஏறும் என்பதே 1979 வரை யாருக்கும் தெரியாது. சால்க் ஆய்வு நிலையத்தில் டோனி ஹண்டர், பாலியோமா வைரஸின் ஒரு புரதத்தோடு சேர்ந்திருந்த கைனேஸ் எந்த அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அமினோ அமிலங்களை மின்புலத்தில் ஓடவிட்டுப் பிரிக்கும் முறை அது. அதற்கான பஃபரின் (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் கரைசலின்) பிஹெச் 1.9 இருக்க வேண்டும். புதிதாகக் கலக்காமல் பழைய பஃபரையே அவர் பயன்படுத்தியதால், அது 1.7-க்கு இறங்கியிருந்தது. 1.9-இல் பாஸ்போதிரியோனினும் பாஸ்போடைரோசினும் ஒன்றாகவே ஓடும், 1.7-இல் இரண்டும் பிரிந்துவிடும். அப்படிப் பிரிந்து நின்ற புள்ளியைப் பார்த்து, இது புதிது என்று கண்டுகொண்டார். இதன் பின்னே 1980-இல், இஜிஎஃப் ஏற்பி பாஸ்பேட் ஏற்றுவதும் டைரோசினில்தான் என்று கோஹனின் ஆய்வகம் காட்டியது. சாதாரண செல்லில் புரதங்கள் சுமக்கும் மொத்த பாஸ்பேட்டில் டைரோசினின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுகூடத் தேறாது. அந்த அற்பப் பங்குதான் செல் பெருகலாமா வேண்டாமா என்பதில் இவ்வளவு அதிகாரம் வைத்திருக்கிறது.

இனி ஏற்பியைக் கிட்டத்தில் பார்க்கலாம். கைனேஸ் பகுதி இரண்டு மடல்களால் ஆனது. மேல் மடல் சிறியது, கீழ் மடல் பெரியது. இரண்டுக்கும் நடுவே உள்ள பிளவில் ஏடிபி பொருந்துகிறது. பாஸ்பேட் ஏற வேண்டிய புரதத்தின் இழை கீழ் மடலின் மேல் வந்து படுக்கிறது. வேலை நடக்க வேண்டுமானால் சில அமினோ அமிலங்கள் மிகத் துல்லியமாக அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். மேல் மடலில் ஒரு சுருள் உள்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். கீழ் மடலிலிருந்து நீளும் ஒரு வளையம் வழியை மறிக்காமல் விலகியிருக்க வேண்டும். தூங்கும் கைனேஸில் இந்த இரண்டில் ஒன்றாவது கோணலாக இருக்கும். எழுப்புவது என்றால் அந்தக் கோணலைச் சரிசெய்வது. அதற்கு மேல் அதில் மர்மம் எதுவுமில்லை.

இன்சுலின் ஏற்பியில் இதை அப்பட்டமாகப் பார்க்கலாம். 1994-இல் ஸ்டீவன் ஹப்பார்டும் கூட்டாளிகளும் அதன் உறங்கும் கைனேஸின் படிக அமைப்பை வெளியிட்டார்கள். அந்த வளையத்தில் மூன்று டைரோசின்கள் உண்டு: 1158, 1162, 1163. நடுவில் இருக்கும் 1162 மடங்கி, கைனேஸின் வேலை செய்யும் இடத்துக்குள்ளேயே போய் அடைத்துக்கொண்டு நிற்கிறது. வெளியிலிருந்து வேறு புரதம் வர முடியாது, ஏடிபியும் சரியாக நுழைய முடியாது. பாஸ்பேட் ஏற வேண்டிய டைரோசினே அங்கே உட்கார்ந்திருக்கிறதே, தனக்குத் தானே ஏற்றிக்கொள்ளலாமே என்றால் அதுவும் நடக்காது, ஏடிபிக்குத்தான் இடமில்லையே. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்களே, அந்த நிலைமைதான். வளையம் அவ்வப்போது கொஞ்சம் அசைந்து வெளியே வரும். அந்தக் கணத்தில் பக்கத்தில் இன்னொரு கைனேஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், அது இந்த டைரோசினில் பாஸ்பேட் ஏற்றிவிடும். மூன்றிலும் ஏறியபின் வளையம் உள்ளே திரும்ப முடியாது. விலகிய நிலையிலேயே நின்றுவிடும். 1997-இல் அந்த விழித்த அமைப்பையும் ஹப்பார்ட் வெளியிட்டபோது, வளையம் கிட்டத்தட்ட முழுக்க இடம்பெயர்ந்து கிடந்தது. இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ‘தூண்டுதல்’ என்ற சொல்லுக்கு முதன்முறையாக உருவம் கிடைக்கும்.

இன்சுலின் ஏற்பி பிறவியிலேயே ஜோடியாகத்தான் இருக்கிறது. இன்சுலின் வந்து அந்த ஜோடியின் நிற்கும் கோலத்தை மாற்றுகிறது. மற்ற ஏற்பிகள் பெரும்பாலும் தனித்தனியாகச் சவ்வில் மிதப்பவை. அவற்றைச் சேர்த்து வைக்க ஒவ்வொரு காரணிக்கும் ஒரு வழி. பிடிஜிஎஃப் தானே இரட்டை. இரு பக்கமும் ஒவ்வோர் ஏற்பியைப் பிடித்துக்கொள்ளும். எஃப்ஜிஎஃப் தனியாகப் போதாது. செல்லின் மேற்பரப்பில் உள்ள ஹெப்பாரன் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலியும் சேர்ந்தால்தான் ஜோடி நிலைக்கும். இஜிஎஃப் விஷயத்தில் எல்லோரும் எதிர்பார்த்தது, அது இரண்டு ஏற்பிகளுக்கும் நடுவே நின்று ஒட்டவைக்கும் என்று. 2002-இல் அமைப்பு வெளியானபோது இரண்டு இஜிஎஃப்களும் ஜோடியின் இரு ஓரங்களில், ஒன்றையொன்று தொடாமல் எட்ட நின்றன. ஒட்டிக்கொண்டவை ஏற்பிகள்தான். ஏற்பிக்கு ஒரு கை போன்ற நீட்சி இருக்கிறது. தனியாக இருக்கும்போது அது தன் உடம்போடு மடங்கிக் கிடக்கும். இஜிஎஃப் வந்து ஏற்பியின் முதல் பகுதியையும் மூன்றாம் பகுதியையும் சேர்த்துப் பிடித்தால் உடம்பு நிமிரும். அந்தக் கை விடுபட்டு இன்னோர் ஏற்பியின் கையைத் தேடும்.

உள்ளே நடப்பதுதான் எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த காட்சி. 2006-இல் ஜான் குரியனின் ஆய்வகம் கண்டது: உள்ளே வரும் இரண்டு கைனேஸ் பகுதிகளும் கண்ணாடிப் பிம்பம் போல எதிரெதிரே நிற்பதில்லை. ஒன்றின் கீழ் மடல் மற்றதன் மேல் மடலை அழுத்துகிறது. அழுத்தம் வாங்கியதன் சுருள் உள்நோக்கித் திரும்பி, கைனேஸ் விழிக்கிறது. அழுத்துவது அந்த நேரத்தில் பாஸ்பேட் ஏற்ற வேண்டியதில்லை, அழுத்தினாலே போதும். இஜிஎஃப் ஏற்பி விழிக்க, வளையத்தில் பாஸ்பேட்கூடத் தேவைப்படுவதில்லை. இதனால் ஒரு பழைய புதிரும் தீர்ந்தது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஹெர்3 என்ற ஏற்பியின் கைனேஸ் கிட்டத்தட்டச் செயலற்றது. ஹெர்2 என்ற ஏற்பிக்கோ வளர்ச்சிக் காரணி எதுவுமே கிடையாது. இரண்டும் ஊனம் என்று பார்த்தால், இரண்டும் ஜோடி சேரும்போது குடும்பத்திலேயே மிக வலுவான சமிக்ஞை பிறக்கிறது. ஹெர்3 காரணியைப் பிடித்துக்கொண்டு வந்து அழுத்துகிறது. ஹெர்2 விழித்து வேலை செய்கிறது. செயலற்ற கைனேஸ் இன்னொரு கைனேஸை எழுப்ப முடியும் என்பதைப் பார்த்தபின், பக்கத்தில் வருவதுதான் இங்கே மூலதனம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போனது.

விழித்த ஏற்பி முதலில் பாஸ்பேட் ஏற்றுவது தன் ஜோடியின் வாலில். இஜிஎஃப் ஏற்பியின் உள்முனையில் ஒரு நீண்ட தளர்ந்த வால் தொங்குகிறது. அதில் பல டைரோசின்கள். அவற்றில் பாஸ்பேட் ஏறியதும் வால் ஒரு கூட்டம் கூடும் இடமாகிறது. 1986-இல் டோனி பாசன் கண்டறிந்த எஸ்ஹெச்2 என்ற பகுதி இங்கேதான் வருகிறது. சுமார் 100 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு மடிப்பு அது. அதன் அடியில் ஓர் ஆர்ஜினின், பாஸ்பேட் ஏறிய டைரோசினை மட்டும் இறுக்கிப் பிடிக்கும். பாஸ்பேட் இல்லாத டைரோசினை அது சட்டை செய்யாது. மனித உடலில் நூற்றுக்கும் மேற்பட்ட புரதங்களில் இந்த மடிப்பு இருக்கிறது. டைரோசினுக்கு அடுத்து வரும் அமினோ அமிலங்களைப் பொறுத்து யார் எந்த வாலில் ஒட்டுவது என்று முடிவாகும்.

ஒட்டுபவர்களில் கிரப்2 முக்கியமானது. அதற்குச் சொந்தமாக நொதி வேலை எதுவும் தெரியாது. ஒரு பக்கம் எஸ்ஹெச்2 கொண்டு ஏற்பியைப் பிடிக்கும். மறுபக்கம் சாஸ் என்ற புரதத்தைப் பிடித்திருக்கும். சாஸின் வேலை, சவ்வின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ராஸ் என்ற புரதத்தை எழுப்புவது. ராஸ் இரண்டு பாஸ்பேட் கொண்ட குவானோசினைப் பிடித்திருந்தால் தூக்கம், மூன்று பாஸ்பேட் கொண்டதைப் பிடித்திருந்தால் விழிப்பு. சாஸ் பழையதைக் கழற்றிவிடும். செல்லில் மிகுதியாக இருக்கும் மூன்று பாஸ்பேட் வடிவம் தானே வந்து ஏறிக்கொள்ளும்.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செல்லை 10 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள கோளம் என்று வைத்துக்கொள்வோம். சவ்வை ஒட்டி 10 நானோமீட்டர் தடிமனுள்ள ஓர் அடுக்கை எடுத்தால், அதன் கன அளவு மொத்தக் கோளத்தில் சுமார் 0.3 சதவீதம். செல் முழுவதும் சுற்றித் திரிந்த சாஸ் மூலக்கூறுகள் எல்லாம் அந்த அடுக்குக்குள் வந்துவிட்டால், ராஸின் கண்ணோட்டத்தில் சாஸின் செறிவு 300 மடங்குக்கு மேல் கூடிவிட்டது. சாஸின் எண்ணிக்கை மாறவில்லை. புதிதாக எதுவும் தயாரிக்கப்படவில்லை. இருக்கும் இடம் மட்டும் மாறியிருக்கிறது.

இதை நிரூபித்த சோதனைகளும் உண்டு. 1994 வாக்கில் சில ஆய்வகங்கள் சாஸின் முனையில் சவ்வில் ஒட்டும் ஒரு குறியை மரபணு மாற்றத்தால் பொருத்தின. வளர்ச்சிக் காரணியே இல்லாமல் ராஸ் விழித்துக்கொண்டது. அதே ஆண்டு ராஃப் கைனேஸுக்கும் அதே மாதிரியான ஒட்டுக்குறியைப் பொருத்தினார்கள். ராஸின் உதவி இல்லாமலேயே ராஃப் வேலை செய்யத் தொடங்கியது. என்னைக் கேட்டால் இந்தச் சோதனைகள்தான் பாடப் புத்தகத்தில் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். அம்புக்குறியை எடுத்துவிட்டு, அது செய்துகொண்டிருந்த ஒரே வேலையை மட்டும் விட்டுவைத்தால் என்ன நடக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

அப்புறம் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விழித்த ராஸ், தன்னைத்தானே மடக்கி அடங்கிக் கிடக்கும் ராஃபைச் சவ்வுக்கு இழுக்கிறது. ராஃப்களும் பக்கவாட்டில் ஜோடி சேர்ந்துதான் விழிக்கின்றன. ராஃப் மெக்கின் இரண்டு செரின்களில் பாஸ்பேட் ஏற்றும். மெக், எர்க்கின் வளையத்தில் ஒரு திரியோனினிலும் ஒரு டைரோசினிலும் ஏற்றும்; இரண்டிலும் ஏறினால்தான் எர்க் முழுதாக விழிக்கும். எர்க் உட்கருவுக்குள் நுழைந்து மரபணுக்களை இயக்கும் புரதங்களில் பாஸ்பேட் ஏற்றும். இன்னொரு கிளையில், பிஐ3 கைனேஸ் என்ற நொதி ஏற்பியிடம் வந்து சேர்ந்து, சவ்வின் கொழுப்பிலேயே ஒரு பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அந்தக் கொழுப்பைத் தேடி ஏகேடி, பிடிகே1 என்ற இரண்டு கைனேஸ்களும் சவ்வுக்கு வருகின்றன. அங்கே சந்தித்ததும் பிடிகே1, ஏகேடியை எழுப்புகிறது. செல் சாகாமல் பிழைத்திருப்பதும், சத்தை உள்ளிழுத்துப் பருப்பதும் பெருமளவு இந்தக் கிளையின் பொறுப்பு. இங்கேயும் பாருங்கள், சந்திக்க வைப்பதுதான் வேலை.

இனி நேரம். ஆய்வகத்தில் இதைப் பார்க்கும் வழக்கமான சோதனையில், முந்தின நாள் மாலையே செல்களின் சீரத்தை எடுத்துவிட்டுப் பட்டினி போடுவோம். மறுநாள் காலையில் இஜிஎஃப் விட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு தட்டாக ஐஸ் மேல் வைத்து உடைப்போம்: இரண்டு நிமிடம், ஐந்து, பதினைந்து, முப்பது, அறுபது. உடைக்கும் பஃபரில் கட்டாயம் சோடியம் ஆர்த்தோவனடேட் இருக்க வேண்டும். வனடேட் பாஸ்பேட்டின் சாயலில் இருப்பதால் டைரோசின் பாஸ்படேஸ்கள் அதைப் பிடித்துக்கொண்டு முடங்கிவிடும். அதைத் தயாரிப்பது ஒரு தனிச் சடங்கு. பிஹெச் 10-க்குக் கொண்டுவந்தால் கரைசல் மஞ்சளாகும். கொதிக்க வைத்தால் நிறம் போகும். ஆறவிட்டு மறுபடி பிஹெச் பார்க்க வேண்டும். நிறமில்லாமல் நிலைக்கும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இந்தச் சடங்கில் அவசரப்பட்டால், செல்லை உடைத்த சில நிமிடங்களிலேயே பாஸ்படேஸ்கள் நாம் தேடும் பாஸ்பேட்டைத் துடைத்துவிடும். பிறகு வெஸ்டர்ன் பிளாட்: புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, ஆன்டிபாடியால் அடையாளம் காணும் முறை. பாஸ்பேட் ஏறிய எர்க்கை மட்டும் அடையாளம் காணும் ஆன்டிபாடியைப் போட்டால் 44, 42 கிலோடால்டன் எடைக்குரிய உயரத்தில் இரண்டு கோடுகள். பட்டினிச் செல்லில் அந்த இடம் வெறுமை. ஐந்து நிமிடத்தில் கன்னங்கரேலென்று இரண்டு பட்டைகள். முப்பதில் மங்கல். அறுபதில் பல செல்களில் பழையபடி வெறுமை.

அந்த மங்கலில்தான் முக்கியமான செய்தி இருக்கிறது. இஜிஎஃப் தட்டில் இன்னும் இருக்கிறது, எர்க் புரதமும் அதே அளவு இருக்கிறது. ஆனாலும் சமிக்ஞை அடங்குகிறது. விழித்த எர்க் மேலே திரும்பி சாஸிலும் ராஃபிலும் பாஸ்பேட் ஏற்றி அவற்றைத் தடுக்கிறது. தன்னைத் துடைக்கும் பாஸ்படேஸின் மரபணுவைத் தானே இயக்குகிறது. ராஸைத் தூங்கவைக்கும் புரதங்கள் அதன் மூன்றாவது பாஸ்பேட்டை உடைக்கின்றன. ஏற்பியின் வாலில் சிபிஎல் என்ற புரதம் வந்து அழிக்கச் சொல்லும் யுபிக்விட்டின் குறியைப் பதிக்க, ஏற்பியே உள்ளே இழுக்கப்பட்டு, செல்லின் செரிமான அறையான லைசோசோமில் செரிக்கப்படுகிறது. பாஸ்படேஸ்கள் எந்நேரமும் துடைத்துக்கொண்டே இருக்கின்றன. அதனால் ஒரு பாஸ்பேட் நிலைத்திருக்க வேண்டுமானால் அதை மறுபடி மறுபடி ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

எலியின் அட்ரினல் கட்டியிலிருந்து 1976-இல் உருவாக்கப்பட்ட பிசி12 என்ற செல் வகை இதன் மகத்துவத்தைக் காட்டியது. இஜிஎஃப் கொடுத்தால் அந்தச் செல் பிரிந்து பெருகும். நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தால் பிரிவதை நிறுத்தி, நீண்ட கிளைகளை விட்டு நரம்புச் செல் போல ஆகிவிடும். இரண்டுமே ராஸ், ராஃப், மெக், எர்க் என்ற அதே பாதையைத்தான் எழுப்புகின்றன. வித்தியாசம் என்னவென்றால், இஜிஎஃப் கொடுத்தால் எர்க் சற்று நேரத்தில் அடங்கிவிடும். நரம்புக் காரணி கொடுத்தால் மணிக்கணக்கில் விழித்திருக்கும். அதே செல்லில் இஜிஎஃப் ஏற்பியைச் செயற்கையாக அதிகப்படுத்தினால் இஜிஎஃப் கொடுத்தாலும் எர்க் நீண்ட நேரம் விழித்திருக்கிறது. செல்லும் கிளை விடுகிறது.

செல் நேரத்தை எப்படி அளக்கிறது? 2002-இல் இதற்கு அழகான ஒரு விடை வந்தது. எர்க் விழித்ததும் சி-ஃபாஸ் என்ற மரபணு உடனே இயங்கும். அதன் புரதம் தயாராகி வரச் சிறிது நேரம் பிடிக்கும். புரதம் பிறக்கும்போது எர்க் இன்னும் விழித்திருந்தால், அதன் மேல் பாஸ்பேட் ஏற்றி நிலைப்படுத்திவிடும். அதற்குள் எர்க் தூங்கிவிட்டிருந்தால், பிறந்த சி-ஃபாஸ் சீக்கிரமே சிதைக்கப்படும். தான் தொடங்கிவைத்த வேலையின் பலன் வெளிவரும்வரை எர்க் நின்று காத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. தனியாக ஒரு கடிகாரம் தேவைப்படவில்லை.

புற்றுநோயில் இவை எல்லாம் நிரந்தரமாகிவிடுகின்றன. ராஸின் 12-ஆம் இடத்தில் இருக்கும் கிளைசின் மாறினால், மூன்றாவது பாஸ்பேட்டை உடைக்க முடியாமல் ராஸ் விழித்தபடியே இருக்கும். 1982-இல் மனிதச் சிறுநீர்ப்பைப் புற்று செல்லில் முதலில் கண்ட மாற்றம் அது. கணையப் புற்றுகளில் பத்தில் ஒன்பதில், ராஸ் வகைகளில் ஒன்றான கேராஸின் மரபணு மாறியிருக்கிறது. இன்னொரு வகையில், குரோமோசோம் உடைந்து தவறாக ஒட்டும்போது ஒரு கைனேஸின் மரபணு வேறொரு புரதத்தின் மரபணுவோடு சேர்ந்துவிடுகிறது. 2007-இல் நுரையீரல் புற்றில் கண்டறிந்த இஎம்எல்4-ஏஎல்கே அப்படிப்பட்டது. ஏஎல்கே ஒரு ஏற்பிக் கைனேஸ். இஎம்எல்4 தன் இனத்தோடு கூட்டமாக ஒட்டிக்கொள்ளும் பழக்கமுள்ள புரதம். இரண்டும் ஒரே இழையாகிவிட்டால், வளர்ச்சிக் காரணி வந்து சேர்க்க வேண்டிய கைனேஸ்கள் பிறந்த நாள் முதலே சேர்ந்தே இருக்கும். காரணியும் வேண்டாம், சவ்வும் வேண்டாம்.

கைனேஸின் ஏடிபி பிளவை அடைக்கும் மருந்துகள் 2001-இல் இமாட்டினிப் அனுமதி பெற்றதிலிருந்து வரிசையாக வந்தன. அவற்றில் ராஃப் தடுப்பான்களின் கதை எனக்கு மிகவும் பாடம் சொன்னது. ராஃப் வகைகளில் ஒன்றான பிராஃப் கைனேஸின் 600-ஆம் இடத்தில் இருக்கும் வாலின் என்ற அமினோ அமிலம் குளுட்டாமிக் அமிலமாக மாறிவிட்டால், அது ஜோடியே இல்லாமல் தனியாக விழித்திருக்கும். தோலின் மெலனோமா புற்றுகளில் சுமார் பாதியில் பிராஃப் மாறியிருக்கிறது. அதை அடைக்கும் வெமுராஃபெனிப் 2011-இல் அனுமதி பெற்றது. கட்டிகள் வேகமாகச் சுருங்கின. ஆனால் சிகிச்சை பெற்றவர்களில் சிலருக்கு உடலின் வேறு இடங்களில் புதிதாக வேறு வகைத் தோல் கட்டிகள் முளைத்தன. காரணத்தை 2010-இலேயே ஆய்வகங்கள் கண்டிருந்தன. மாறாத பிராஃப் உள்ள செல்லில், ராஸ் ஏற்கெனவே விழித்திருந்தால், மருந்து ஒரு ராஃபின் பிளவில் உட்கார்ந்து அதன் வடிவத்தை ஜோடி சேரத் தோதாக மாற்றிவிடுகிறது. அடைபட்ட அந்த ராஃப், பக்கத்தில் இருக்கும் அடைபடாத ராஃபை அழுத்தி எழுப்புகிறது. ஹெர்3 செய்கிற அதே வேலை. தடுக்க வந்த மருந்தே, அந்தச் செல்களில் எர்க்கை உயர்த்திவிட்டது.

அடுத்த படி மெக்கையும் சேர்த்து அடைப்பது. ராஃப் தடுப்பானோடு மெக் தடுப்பானையும் கொடுத்தால், முரணாக எழுந்த சமிக்ஞை மெக்கில் நின்றுவிடும். டப்ராஃபெனிப், டிராமெட்டினிப் என்ற இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது 2014-இல் அனுமதிக்கப்பட்டது. மெலனோமா கூடுதல் காலம் கட்டுக்குள் இருந்தது. மருந்தின் எண்ணிக்கை ஒன்று கூடியும், அந்தத் தோல் கட்டிகள் குறைந்தன.